நிதித்துறைப் பயோடேட்டாக்களில் பொழுதுபோக்கு வரி: ஓர் ஆய்வு

நிதித்துறை வேலைக்குப் போகும் பயோடேட்டாவில், அப்பா பெயருக்கும் தெரிந்த மொழிகளுக்கும் கீழே, கையெழுத்துப் போடும் இடத்துக்குச் சற்று மேலே, ‘ஹாபிஸ்’ என்று ஒரு வரி உண்டு. இவ்வரியைக் குறித்துத் தமிழில் இதுகாறும் தனித்த ஆய்வு எதுவும் நிகழவில்லை என்பது பெரிதும் வருந்தத்தக்கது. (‘இதுகாறும் ஆய்வு நிகழவில்லை’ என்று தொடங்காத ஆய்வேடு தமிழில் செல்லாது. தேடிப் பார்த்தீர்களா என்று வாய்மொழித் தேர்விலும் யாரும் கேட்பதில்லை.)

முதற்கண் ஆய்வெல்லை. வடக்கே ஐ.பி.பி.எஸ். எழுதி வங்கி அதிகாரி ஆகத் துடிப்போர், தெற்கே ஆடிட்டர் ஆபீஸ்களில் ஆர்ட்டிகிள்ஷிப் கேட்டு அலையும் சி.ஏ. மாணவர்கள், கிழக்கும் மேற்கும் எம்.பி.ஏ. ஃபைனான்ஸ். இந்நான்கெல்லைக்குள் வழங்கும் பயோடேட்டாவே நமக்குப் பொருள். வங்கிக் கிளார்க் பதவி இதில் அடங்காது. அதற்கு நேர்காணலே கிடையாது. எழுத்துத் தேர்வோடு சரி. அதிகாரிப் பதவிக்கு மட்டும் முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்காணலுக்கு 20 என்ற விகிதத்தில் மதிப்பெண்ணைச் சேர்க்கிறார்கள். எனவே கிளார்க்குக்கும் அதிகாரிக்கும் உள்ள வேறுபாடு 20 சதவீதப் பொழுதுபோக்கே என்பது பெறப்படும்.

முதன்மைச் சான்றுகள் மூவிடத்திலிருந்து திரட்டப்பட்டன: ஜெராக்ஸ் கடை மெஷினுக்கு அடியில் கிடக்கும் வீணான தாள்கள், பழைய பேப்பர் கடைகள், சாயங்கால பஜ்ஜிக் கடைகள். மூன்றாவதே வளமான களம். பஜ்ஜித் தாளில் எண்ணெய் பரவிய இடத்தில் மறுபக்க எழுத்தும் சேர்ந்து தெரிவதால், ஒருவருடைய பி.காம். மதிப்பெண்ணும் அவருடைய கேரம் ஆர்வமும் ஒரே வரியாக வாசிக்கக் கிடைக்கின்றன. அருங்காட்சியகங்கள் லட்சக்கணக்கில் செலவழித்துக் கருவி வைத்துச் செய்வதை இங்கே கடலை எண்ணெய் செய்துவிடுகிறது.

பொழுதுபோக்கு எட்டு வகைப்படும். ஏன் எட்டு? தொல்காப்பியர் மெய்ப்பாட்டை எட்டாக வகுத்தார். அவருக்கு மேல் ஒன்று கூட்டினால் திமிர் என்பார்கள், ஒன்று குறைத்தால் படிக்கவில்லை என்பார்கள். வாத்ஸ்யாயனர் அறுபத்துநான்கு கலைகளைப் பட்டியலிட்டது உண்மைதான். அதில் கோழிச் சண்டை, ஆட்டுக்கிடாய்ச் சண்டை, கிளிக்கும் மைனாவுக்கும் பேசக் கற்றுக்கொடுப்பது எல்லாம் வருகின்றன. ஆனால் அவர் உள்ளத்தில் கொண்டது நகரத்து உல்லாசி; அவன் யாரிடமும் வேலை கேட்டுப் போகிறவன் அல்லன். ஆகவே அப்பட்டியல் ஈண்டு விலக்கப்படுகிறது. கிளிக்குப் பேசக் கற்றுக்கொடுத்த அனுபவம் காப்பீட்டு விற்பனைப் பிரிவுக்குப் பயன்படக்கூடும் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

வகைகளாவன:

தோட்டக்கலை. மூன்றாம் மாடி வாடகை வீட்டிலிருந்து எழுதப்படுவது.

பயணம். இதை எழுதியவரிடம் ‘வேலையை எந்த ஊரில் போட்டாலும் போவீர்களா?’ என்று கேட்டால் பயணத்தில் உள்ள ஆர்வம் உடனே குறையும்.

நாணயம் சேகரித்தல். வங்கி அதிகாரிப் பதவிக்கு விண்ணப்பிப்பவர் இதை எழுதக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

கிரிக்கெட். இதை எழுதுபவர் ஆடுபவரா பார்ப்பவரா என்று தெளிவுபடுத்துவதில்லை. ஃபாலோ ஆனுக்கு எத்தனை ரன் என்று பேனல் கேட்கும். ஐந்து நாள் டெஸ்ட் என்றால் 200 என்று பதில் வந்துவிடும். டக்வொர்த் லூயிஸை விளக்கச் சொன்னால் அறை நிசப்தமாகிவிடும். டெரிவேட்டிவ் விலையைக் கணக்கிடும் சூத்திரத்தைக் கூசாமல் ஒப்பிக்கும் எம்.பி.ஏ.க்கள்கூட டக்வொர்த் லூயிஸிடம் தோற்பதை இவ்வாய்வாளர் கண்டிருக்கிறார்.

பங்குச்சந்தையைக் கவனித்தல். இது பிற்கால வழக்கு. ஹாபி இல்லாத நிதித்துறை மாணவர், வேலைக்கே ஹாபி வேடம் போட்டு அழைத்து வருவது. மீன் சந்தையில் வேலை கேட்டுப் போகிறவர், மீன் பார்ப்பது என் பொழுதுபோக்கு என்பதை ஒக்கும். இங்கே ஒரு வலை இருக்கிறது. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை விட்டார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். ‘கவனிக்கிறேன்’ என்று எழுதியவரைப் பார்த்துப் பேனலில் ஒருவர் மெல்லக் கேட்பார்: “கவனிச்சதுல எவ்வளவு போச்சு தம்பி?” உண்மையைச் சொன்னால் ரிஸ்க் தெரியாதவர். ஒன்றும் போகவில்லை என்றால் பொய்யர், அல்லது இன்னும் டீமாட் கணக்கே திறக்காதவர்.

ஆறாவது, புத்தகம் படித்தல். இவ்வகைக்கு ஒரு காட்சி தேவை. வங்கி நேர்காணல் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் ஒரு பையன். விருதுநகர்ப் பக்கம். டை சித்தப்பா மகனுடையது. முடிச்சை அவிழ்த்தால் திரும்பப் போடத் தெரியாது என்பதால் முந்தின நாளிலிருந்து வளையமாகவே வைத்திருந்து, காலையில் தலை வழியாக மாட்டியது. உரையாடல் நடந்தது ஆங்கிலத்தில், தமிழ்ப்படுத்தியது நான்.

“ரீடிங் புக்ஸ்னு போட்டிருக்கீங்க. கடைசியா என்ன படிச்சீங்க?”

“அக்னிச் சிறகுகள், சார்.”

“அதுக்கு முன்னாடி?”

பையன் ஏ.சி.யைப் பார்க்கிறான். “அதையே இன்னொரு தடவை படிச்சேன், சார்.”

“நல்லது. கலாம் கூடச் சேர்ந்து எழுதினவர் யாரு?” இது பேனலில் இருக்கும் அம்மையார். அருண் திவாரி என்ற விடை அவருக்கே அன்று காலை வண்டியில் வரும்போதுதான் தெரியவந்தது. காலையிலிருந்து அது மூன்றாவது ‘அக்னிச் சிறகுகள்’. நல்ல மனுஷி, வேண்டுமென்று மடக்கவில்லை. முன்னால் வந்த இருவரும் இதே நூலைச் சொல்லிவிட்டதால் கேள்வி தீர்ந்துபோயிருந்தது.

1999இல் வந்த அந்தப் புத்தகத்தின்மீது எனக்கு ஒரு புகாரும் இல்லை. அது படிக்கப்படும் நூல் என்ற நிலையைத் தாண்டிச் சொல்லப்படும் நூல் என்ற நிலையை அடைந்துவிட்டது. தமிழில் அந்த நிலையை அடைந்த நூல்கள் மிகச் சில. வங்கி வேலையும் புத்தகமும் பகை என்றும் இதைக் கொண்டு முடிவு கட்டக் கூடாது. வண்ணதாசன் ஸ்டேட் பாங்கில்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். டி.எஸ். எலியட் 1917இலிருந்து எட்டு ஆண்டுகள் லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் உட்கார்ந்திருந்தார். அதற்கு நடுவில்தான் ‘தி வேஸ்ட் லேண்ட்’ வந்தது. பி.ஜி. வுட்ஹவுஸ் ஹாங்காங் ஷாங்காய் வங்கியில் இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்துவிட்டு ஓடினார். இவர்கள் தம் பயோடேட்டாவில் என்ன எழுதியிருப்பார்கள் என்பது மேலாய்வுக்குரியது.

இனி ஏழாவது. இவ்வாய்வின் உயிர்நிலை இதுவே என்பதால் வாசகர் சற்று நிமிர்ந்து உட்காரவேண்டும்.

‘லிஸனிங் டு மியூசிக்.’ இதன் முதற்சொல்லில் ஆங்கிலத்தில் ஒலிக்காத ‘டி’ எழுத்து ஒன்று உண்டு. நம்மிடமுள்ள படிகள் பலவற்றில் அவ்வெழுத்து இல்லை (சைதாப்பேட்டைப் படி). அறியாமை என்று மேலோட்டமாகப் படிப்போர் சொல்லிவிடுவர். பாடபேதம் பார்க்கத் தெரிந்தவர் அப்படிச் சொல்லார். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர் கார்ல் லாக்மன் பெயரால் வழங்கும் முறைப்படி, இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் அவ்விரண்டும் ஒரே மூலத்திலிருந்து பெயர்த்தெழுதியவை. சரியாக எழுதுவது தனித்தனியாக யாருக்கும் வரும். ஒரே மாதிரி தப்பாக எழுதப் பரம்பரை வேண்டும்.

அப்பரம்பரையைத் தேடிப் புறப்பட்டோம். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க ஊர் ஊராக ஏடு தேடினார். நமக்கு அந்தத் துன்பம் இல்லை; கல்லூரி வாட்ஸாப் குழு இருக்கிறது. பிளேஸ்மென்ட் தொடங்கும் வாரத்தில் சீனியர் அண்ணன் ஒருவர் தம் வேர்டு கோப்பை அதில் போடுவார். ஜூனியர்கள் பெயரை மாற்றுவார்கள், அப்பா பெயரை மாற்றுவார்கள், மதிப்பெண்ணை மாற்றுவார்கள். பொழுதுபோக்கை மாற்றுவதில்லை. ஒருவர் இசை கேட்டதால் ஒரு வகுப்பே இசை கேட்கிறது. அந்த வகுப்பு கேட்டதால் அடுத்த வகுப்பும் கேட்கிறது. பெண்பாற் படிகளில் ‘ஷி’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘ஹி’ என்றே எஞ்சியிருப்பதும் (ராயப்பேட்டைப் படி, பின்பக்கம், மடிப்பின்மேல் எழுத்துச் சிதைந்துள்ளது), ஒருவருடைய அப்பா பெயருக்குக் கீழே அண்ணனுடைய அப்பாவின் தொழில் அப்படியே நிற்பதும் (வேளச்சேரிப் படி, ‘ஃபைனல்’ என்னும் பாடம், ‘ஃபைனல் ஃபைனல்’ என்னும் பாடத்தில் அப்பாவே இல்லை, ‘ஃபைனல் ஃபைனல் இதுதான்’ என்னும் பாடத்தில் அவர் இருமுறை வருகிறார், இடக்கைப்பக்கம் தக்காளிச் சட்னி, காலம் துணியக்கூடவில்லை) இக்கருத்துக்கு அரண் செய்யும்.

மூல ஆசிரியர் யார்? இங்குதான் நம் ஆய்வு ஒரு திருப்பத்தைச் சந்தித்தது. வேர்டு கோப்பில் ‘ப்ராபர்டீஸ்’ என்று ஒரு பகுதி உண்டு. அதில் ‘ஆத்தர்’ என்ற கட்டத்தில், கோப்பை முதன்முதலில் உருவாக்கிய கணினியின் பயனர் பெயர் தங்கிவிடும். அதற்குப் பிறகு எத்தனை கை மாறினாலும் அதை யாரும் போய்த் திருத்துவதில்லை. ஏட்டின் கடைசியில் ‘இது இன்னார் எழுதியது’ என்று பெயர்த்தெழுதியவர் பொறித்துவைப்பதைப் போல என்க. நம் தாள்களுக்குரிய கோப்புகளை அந்த வாட்ஸாப் குழுவிலேயே பிடித்து, அக்கட்டத்தைத் திறந்து பார்த்தோம். சைதாப்பேட்டைப் படி: அட்மின். ராயப்பேட்டைப் படி: அட்மின். வேளச்சேரிப் படி: அட்மின்.

நிதித்துறைப் பயோடேட்டா இலக்கியம் முழுவதையும் யாத்தவர் அட்மின் என்னும் ஒரு பெரும்புலவர் என்பது இதனால் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படுகிறது.

அட்மின் ஒருவரா, பலரா? ஔவையார் எத்தனை பேர் என்பதில் அறிஞரிடையே இன்னும் உடன்பாடில்லை. அட்மினுக்கும் அதே மரியாதையைச் செய்வோம். மூவர் என்பது என் துணிபு. சேலரி ஸ்லிப் எழுதியவர், பயோடேட்டா எழுதியவர், வாட்ஸாப் குழுவிலிருந்து ஆட்களை நீக்குபவர். மூன்றாமவர் காலத்தால் பிந்தியவர், குணத்தாலும் மாறுபட்டவர்.

அட்மினின் காலம் யாது? அவருடைய வாக்கில் ‘பேனா நட்பு’ இல்லை. ‘நெட் சர்ஃபிங்’ இருக்கிறது. ஆகவே கணினி மையங்களில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கிய காலத்துக்கு முற்பட்டவராதல் இயலாது. இன்ஸ்டாகிராம் பற்றிய குறிப்பு யாண்டும் இன்மையின் 2010 அக்டோபருக்குப் பிற்பட்டவராதலும் இயலாது. இவ்விரண்டு எல்லைக்கும் நடுவில் அவரை எங்கு வேண்டுமானாலும் உட்காரவைக்கலாம். எங்கு உட்காரவைத்தாலும் மறுத்து எழுத ஒருவர் இருப்பார். அவரை மறுத்து நான் எழுதுவேன். இரண்டுக்கும் யு.ஜி.சி. கணக்கில் புள்ளி உண்டு. குறளில் உள்ள சொற்களைக் காட்டிலும் வள்ளுவர் எந்த நூற்றாண்டில் இருந்தார் என்பது பற்றி அச்சான சொற்கள் பன்மடங்கு. அந்தத் தொழில் நசியாமல் நடக்கிறது. நமக்கும் அதில் ஒரு மூலை கிடைத்தால் போதும்.

அட்மினின் சமயம்? ‘மியூசிக்’ என்று மட்டும் சொல்லி, பக்திப் பாடல் என்று சொல்லாது விட்டமையால் அவர் சமணர் என்பர் ஒரு சாரார். ‘டைம்ஸ் நியூ ரோமன்’ எழுத்துருவையே கையாண்டமையால் ரோமன் கத்தோலிக்கர் என்பர் மறுசாரார். முதலெழுத்துகளைத் தடிமனாக்கி அடிக்கோடும் இட்டிருப்பதால் அவர் சமயம் கடந்தவர், பள்ளி ஆசிரியரின் மகன் என்பது என் கருத்து. அவர் ஊர் எது என்ற வினாவுக்குள் இறங்கினால் வளைவு கட்டி, அதைத் திறந்துவைக்க அமைச்சரையும் அழைக்க நேரும். விட்டுவிடுகிறேன்.

அட்மினின் மாணாக்கர்களாக ‘யூசர்’, ‘ஹெச்.பி.’ ஆகிய இருவரும், சில படிகளில் ‘லேப் 14’ என்பவரும் அறியப்படுகின்றனர். ஹெச்.பி. பெரிதாக எதுவும் செய்யவில்லை. ‘மியூசிக்’ என்பதற்குப் பின் ‘பேட்மிண்டன்’ என்று ஓர் இடைச்செருகல் செய்தார், அவ்வளவே. லேப் 14 கல்லூரி ஆய்வகத்து மூலையில் வாழ்ந்தவர், ஏ.சி.க்கு நேர் கீழே. அவர் செய்த சில படிகளில் வரிகள் பாதியில் நின்றுபோகின்றன. கடல்கோள் என்று கருதற்க, மின்வெட்டு.

இவ்வளவு விரிவாக ஆராய்ந்த பின்பும், இசை கேட்டேன் என்று எழுதிய ஒருவரையும் ‘என்ன கேட்பீர்கள்?’ என்று நான் கேட்கவில்லை. அது ஆய்வு நெறி அன்று. மூலத்தைப் பார்க்காமல் மூலத்தைப் பற்றி எழுதியதைப் பற்றி எழுதுவதே நெறி.

இசையைக் கேட்டவர்கள் இருக்க, வாசித்தவர் ஒருவர் இத்துறையில் இருந்தார். அமெரிக்க மத்திய வங்கிக்கு 1987 முதல் 2006 வரை தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான், இளமையில் ஜாஸ் குழுவில் சாக்ஸபோனும் கிளாரினெட்டும் வாசித்துச் சம்பாதித்தவர். இடைவேளையில் மற்றவர்கள் வெளியே போய்ப் புகைக்க, இவர் பொருளாதாரப் புத்தகம் படிப்பார். குழுவினரின் வருமானவரிக் கணக்கையும் எழுதிக்கொடுப்பார். இவரைப் பொறுத்தவரை இசைதான் வேலை, நிதிதான் பொழுதுபோக்கு. அட்மின் மரபில் இவருக்கு இடமில்லை.

அயல்நாட்டு மரபையும் தொட்டுவிட வேண்டும்; இல்லாவிட்டால் ஒப்பாய்வு இல்லை என்பார்கள். 1482 வாக்கில் மிலானின் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு லியனார்டோ டா வின்சி வரைந்த விண்ணப்பத்தை உலகின் முதல் பயோடேட்டா என்பார்கள். அதில் தூக்கிச் செல்லும் பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், மூடிய போர்வண்டி செய்வேன் என்று எண் போட்டு அடுக்குகிறார். எல்லாம் முடிந்து கடைசியில்தான் சிற்பமும் செய்வேன், ஓவியமும் வரைவேன் என்று வருகிறது. வேலை கேட்டுப் போகிறவன் தனக்கு எது நன்றாக வருமோ அதைத்தான் கடைசி வரியில் எழுதுவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொரு சான்று நேராக நிதித்துறையிலிருந்தே. நியூயார்க்கில் பேர் ஸ்டெர்ன்ஸ் என்று ஒரு முதலீட்டு வங்கி இருந்தது. 1969இல் ஜிம்மி கேன் என்பவர் அங்கே வேலை கேட்டுப் போனார். பேட்டி கண்ட ஆலன் கிரீன்பெர்க் பிரிட்ஜ் சீட்டாட்டப் பிரியர். வந்தவரோ போட்டிகளில் ஆடும் பெரிய ஆட்டக்காரர். பேச்சு சீட்டாட்டத்துக்குத் திரும்பியது, வேலையும் கிடைத்துவிட்டது. கேன் வளர்ந்து தலைமை நிர்வாகியானார். 2007 கோடையில் வங்கியின் இரண்டு ஃபண்டுகள் கவிழ்ந்துகொண்டிருந்தபோது அவர் நாஷ்வில்லில் பிரிட்ஜ் போட்டியில் இருந்தார். அடுத்த மார்ச்சில் வங்கி விலைபோனது: பங்குக்கு முதலில் 2 டாலர் என்றார்கள், பிறகு பாவம் பார்த்து 10. தம் பொழுதுபோக்கை இவ்வளவு உண்மையாகக் கடைப்பிடித்த இன்னொருவர் நம் ஆய்வெல்லைக்குள் அகப்படவில்லை.

கேன் ஒரு விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். லாரன் ரிவேரா என்ற சமூகவியலாளர், அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கிகளிலும் சட்ட நிறுவனங்களிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் ஆளெடுப்போர் 120 பேரைப் பேட்டி கண்டு 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆளெடுப்போர் தம்மைப் போலவே பொழுதுபோக்குகிறவரைத் தேடுகிறார்கள் என்பது அதன் சாரம். படகு வலிப்பவருக்குப் படகு வலித்தவரைப் பிடிக்கிறது, ஸ்குவாஷ் ஆடியவருக்கு ஸ்குவாஷ் ஆடியவரை. ஸ்குவாஷ் கோர்ட் இருக்கும் பள்ளியில் படிக்க எவ்வளவு ஆகும் என்பதைப் பயோடேட்டாவில் எழுத வேண்டியதில்லை. அந்த ஒரு சொல்லிலேயே ஃபீஸ் ரசீது இருக்கிறது. ‘எங்கள் ஆளா?’ என்று நம்மூரில் அப்பா பெயரையும் ஊரையும் கேட்டுத் தெரிந்துகொள்வதை, அங்கே ‘ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். நாகரிகமான முறைதான்.

தமிழ்நாட்டு மரபின் உச்சம் 1912 பிப்ரவரி 9. திருவல்லிக்கேணியிலிருந்து ஒருவர் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறார். படிப்பு: மெட்ரிகுலேஷன் தேறியவர், எஃப்.ஏ. வரை போய் முடிக்கவில்லை, சூழ்நிலை சரியில்லை என்கிறார். அதற்கு மேல் காட்ட ஒன்றுமில்லாததால், தம் நேரம் முழுவதையும் கணிதத்துக்கே கொடுத்து அத்துறையை வளர்த்துவருவதாக ஒரு வரி சேர்க்கிறார். பெயர் எஸ். ராமானுஜன். நிதித்துறைப் பயோடேட்டாக்களின் வரலாற்றில் பொழுதுபோக்கு வரி கலப்பில்லாத உண்மையாக இருந்தது இந்த ஒரு முறைதான் என்று துணிந்து சொல்வேன். மார்ச் 1ஆம் தேதி மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார்.

இங்கே இதுவரை எந்த ஆய்வாளரும் போதிய கண்ணீர் சிந்தாத ஒரு சிக்கல். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் தம் சம்பளம் ஆண்டுக்கு 20 பவுண்டுதான் என்கிறார் ராமானுஜன். அன்று ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். 30ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 360. பதினைந்தால் வகுத்தால் 24. நான்கு பவுண்டு எங்கே? எழுதியவரோ கணித மேதை, போதாக்குறைக்குக் கணக்குப் பிரிவு. பிடித்தம் போக என்பர் சிலர். முழு எண்ணாக்கினார் என்பர் சிலர். எண்களை அவ்வளவு நேசித்தவர் 24ஐ அப்படிக் கைவிட்டிருப்பாரா என்பர் மறுப்போர். உதவி கேட்பவர் வருமானத்தைச் சற்றுக் குறைத்துக் காட்டுவது தமிழ்நாட்டுத் தொன்மரபு என்பது என் முடிபு. தாசில்தார் அலுவலக வருமானச் சான்றிதழ்களோடு ஒப்புநோக்குக.

எட்டாவது வகை எழுதப்படாதது. விருதுநகர்ப் பையனை நேர்காணல் அறையில் விட்டுவிட்டு வந்தோம். அவன் அம்மா தெருவில் ஏலச்சீட்டு பிடிக்கிறார். இருபது பேர், மாதம் ஐயாயிரம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து சீட்டு நோட்டு இவன் கையில். மூன்றாம் மாதம் ஒருவர் மகள் கல்யாண அவசரத்துக்கு 25,000 தள்ளி எடுத்தால், அம்மாவின் கமிஷன் ஐந்தாயிரம் போக மிச்சம் இருபதாயிரம் ஆளுக்கு ஆயிரமாகக் கழியும். அந்த மாதம் கட்ட வேண்டியது நாலாயிரம். இதைத் தாள் இல்லாமல் சொல்லுவான். யார் அவசரத்தில் இருக்கிறார், யார் அவசரமாக இருப்பதுபோல் நடித்து அடுத்தவரை ஏற்றிவிடுகிறார், எடுத்த பிறகு யார் கட்டமாட்டார் என்பதையும் முகத்தைப் பார்த்தே சொல்லுவான். டிஸ்கவுண்டிங், கிரெடிட் ரிஸ்க், ஏலக் கோட்பாடு என்று எம்.பி.ஏ.வில் இரண்டு செமஸ்டர் நடத்துவது இதைத்தான். ஆனால் பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது 1982ஆம் ஆண்டு சிட் ஃபண்ட் சட்டப்படி குற்றம். ‘பொழுதுபோக்கு: சட்டவிரோத நிதி நிறுவனத்தின் கணக்குகளைப் பராமரித்தல்’ என்று வங்கி பயோடேட்டாவில் எழுத முடியுமா? அக்னிச் சிறகுகள் என்றான். அந்தச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு கமிஷன் ஏழு சதவீதம் வரை வாங்கலாம். அவன் அம்மா இன்னும் ஐந்திலேயே நிற்கிறார் என்பதையும் பேனலிடம் யாரும் சொல்லவில்லை.

இனி உறுதிமொழிப் பகுதி. ‘மேற்கண்ட விவரங்கள் யாவும் நான் அறிந்தவரை உண்மை’ என்று எழுதி, இடம், நாள் போட்டுக் கையெழுத்திடும் வழக்கம் நம் பயோடேட்டாக்களின் ஒரு சிறப்பு. பொழுதுபோக்கு வரியோ அதற்கு நேர் மேலே. அதாவது, பிற்காலத்தில் பிறருடைய கணக்குகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடப் போகிறவர், தம் முதல் கையெழுத்தை அட்மின் கேட்ட இசைக்குப் போடுகிறார்.

இது குற்றமா? தணிக்கைத் துறையில் ‘மெட்டீரியாலிட்டி’ என்றொரு கோட்பாடு உண்டு. கணக்கைப் பார்த்து முடிவெடுப்பவரின் முடிவை மாற்றும் அளவுக்குப் பிழை பெரிதாக இருந்தால்தான் அது பிழை. இல்லையேல் ஆடிட்டர் கண்டுகொள்ள வேண்டியதில்லை. இல்லாத 5,040 கோடி ரூபாய் ரொக்கத்தையும் வங்கி இருப்பையும் இருப்பதாகக் காட்டியதாக 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதினாரே, அது மெட்டீரியல். இல்லாத கிட்டாரை வாசிப்பதாக ஒரு பி.காம். பட்டதாரி எழுதினால் அது மெட்டீரியல் அன்று. இதுவரை கோட்பாடு நம் பக்கம்.

ஆனால் ஜிம்மி கேன் வந்து குறுக்கே நிற்கிறார். சீட்டாட்டத்தால் வேலை கிடைக்கும் என்றால், படகு வலித்தவருக்குப் படகு வலித்தவரைப் பிடிக்கும் என்றால், பொழுதுபோக்கு வரி முடிவை மாற்றுகிறது. முடிவை மாற்றினால் மெட்டீரியல். மெட்டீரியல் என்றால், கீழே போட்ட கையெழுத்து பொய்க் கையெழுத்து. அப்படியானால் இந்த மாநிலத்தில் இசை கேட்டதாக எழுதி வேலையில் சேர்ந்த அத்தனை அதிகாரிகளின் நியமனமும் கேள்விக்குள்ளாகும். பேனலின் தலைவர் 1980களில் வேலைக்குச் சேர்ந்தபோது டைப்ரைட்டரில் அடித்துக் கொடுத்ததிலும் அதே வரி இருக்கிறது. ‘டி’ எழுத்து அதிலும் இல்லை. இதெல்லாம் அவருக்குத் தெரியும். அதனால்தான் பையன் திவாரி பெயர் தெரியாமல் திணறும்போது அந்த வரியைப் பேனாவால் மெல்லத் தாண்டி, “சரி, அதை விடுங்க. இப்ப ரெப்போ ரேட் எவ்வளவு?” என்று கேட்கிறார்.